வேனுக்குப் பொட்டி வேண்டாமாம்!

"பொட்டி எதுக்குங்க, சும்மா இடத்தை அடைக்கும். அப்படியே சீட்டுக்குப் பின்னாடி திருகிட்டா வேலை முடிஞ்சுது!"

கார் ஆடியோ கடைப் பக்கம் ஒதுங்கினவங்க யாரும் இந்த வசனத்துக்குத் தப்பியிருக்க முடியாது. காருக்குச் சொன்னா பாதி உண்மை. வேனுக்குச் சொன்னா முழு உடான்ஸ். இந்த உடான்ஸுக்குக் காசு கொடுத்து ஏமாறுறது யாருன்னு பார்த்தாதான் வயித்தெரிச்சல்.

எங்க ஊர் ஆண்டர்சன்பேட்டை. தங்கவயல்னு சொன்னா சட்டுனு புரியும். (2018-ல அந்தப் படம் வந்ததும் இங்கே ஜெர்மனியில் ஆபீஸ் வடநாட்டுப் பசங்க கூட "ஓ, ராக்கி பாய்!"னு ஆரம்பிச்சுட்டாங்க. அந்தக் கொடுமை தனிக்கதை.) 2001-ல சுரங்கத்தை இழுத்து மூடினாங்க. அதுக்கப்புறம் தினமும் ஆயிரக்கணக்கான பேர் ரயிலேறி பெங்களூர் போய்ப் பிழைக்கறாங்க. ஊர்லயே இருக்கறவங்கள்ல சிலருக்கு ஆட்டோவும் வேனும்தான் சோறு போடுது.

என் அக்கா பையன் அந்த ரகம். பழைய மாருதி ஆம்னி வெச்சிருக்கான். கம்பெனி 2019-ல நிறுத்திட்டாலும் எங்க ஊர்ல அது இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. காலையில ஸ்கூல் பசங்க, ராத்திரி பங்காருபேட்டை ஸ்டேஷன், செப்டம்பர் வந்தா வேளாங்கண்ணி, நடுவுல கல்யாணம் காதுகுத்து. வண்டி பேச வர்ற இளவட்டம் முதல்ல கேக்கறதே "பாட்டு சிஸ்டம் எப்படி?"ன்னுதான். அதனால அவனுக்கு சப்ஊஃபர் ஆடம்பரம் இல்லை, தொழில் சாமான்.

பக்கத்து ஊர்க் கடை ஒண்ணுல (பேர் எதுக்கு, விடுங்க) 12 இன்ச் ஊஃபர், ஆம்ப்ளிஃபையர், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் வாங்கினாங்க. பொட்டி? மேலே சொன்ன அதே வசனம். கடைசி சீட்டு முதுகோட மேல் விளிம்புல ரெண்டு எல் கிளாம்ப், நாலு திருகு. போன்ல சொல்றான்: "மாமா, ஊஃபர் ஆடுது, சூப்பரா ஆடுது. சவுண்டுதான் வர்ல. இன்னும் பெரிய ஆம்ப்பு போடணும்னு சொல்றாங்கோ."

நல்லா கவனிங்க மக்களே. தப்பாப் பொருத்தினதுக்கு வைத்தியம், இன்னொரு சாமான் வாங்கறதாம்!

இப்போ ஏன் சவுண்டு வரலைன்னு பார்ப்போம். ஊஃபரோட கூம்பு முன்னாடி வரும்போது எதிர்ல இருக்கற காத்தை அழுத்துது. அதே நொடியில முதுகுப் பக்கம் காத்து தளருது. முன்னாடி கூடினது எவ்வளவோ, பின்னாடி குறைஞ்சதும் அவ்வளவே. நடுவுல தடுப்பு இல்லைன்னா அழுத்தின காத்து விளிம்பைச் சுத்திப் பின்னாடி போய்ப் பள்ளத்தை நிரப்பிடும். கணக்கு நேர். மிச்சம் ஏறக்குறைய சைபர்.

கீச்சுக் குரலுக்கு இந்தப் பிரச்சினை பெரிசா இல்லை, அதோட அலை சின்னது. ஆனா 40 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் எட்டரை மீட்டர். ஆம்னியோட மொத்த நீளமே மூணரை மீட்டருக்குள்ள. அந்த அலைக்கு 12 இன்ச் ஊஃபரோட முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே இடம் மாதிரி. அதான் கூம்பு பேயாட்டம் ஆடியும் கிதார் பேஸ் காணாமப் போயிடுது.

இதை எங்க ஊர்க்காரனுக்கு நான் சொல்லித் தரணுமா? சாம்பியன் ரீஃப்ல மூணு கிலோமீட்டருக்கும் கீழே பாறைச் சூடு 60 டிகிரிக்கு மேல. ஆள் உயிரோட வேலை செய்யணும்னா நல்ல காத்து ஒரு வழியா இறங்கி, வேலை நடக்கற இடத்தைச் சுத்திட்டு, வேற வழியாத்தான் வெளியே போகணும். ரெண்டு வழிக்கும் நடுவுல கதவு போட்டு அடைச்சிருப்பாங்க. அந்தக் கதவைத் திறந்து வெச்சுட்டா காத்து குறுக்கு வழியில ஓடிடும். மேலே எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் கீழே இருக்கறவனுக்கு மூச்சு முட்டும். ஊஃபருக்கும் இதே விதிதான். கதவு இல்லாம ஃபேனைப் பெரிசாக்கச் சொல்றார் கடைக்காரர். எங்க தாத்தா காலத்து மைனிங் மேஸ்திரி காதுல விழுந்திருந்தா செவிள்லயே ஒண்ணு விட்டிருப்பார்.

"அப்போ அம்பாசடர்ல பொட்டி இல்லாம ஸ்பீக்கர் வெச்சாங்களே, நல்லாத்தானே கேட்டுச்சு?"

கேட்டுச்சு. பின்கண்ணாடிக்கு அடியில இருக்கற பலகையில ஓட்டை போட்டு ஓவல் ஸ்பீக்கரை மாட்டினாங்க. ஸ்பீக்கர் முகம் ஆள் உட்கார்ற பக்கம், முதுகு டிக்கிக்குள்ள. நடுவுல பலகையும் சீட்டும் தடுப்பு. அதாவது டிக்கிதான் பொட்டி! கார்க்காரன் பொட்டி இல்லாம போடலை, கம்பெனியே கொடுத்த பொட்டியில போட்டான். வேன்ல டிக்கி எங்கே சாமி இருக்கு? டிரைவர்லேர்ந்து பின் கதவு வரைக்கும் ஒரே ஹால். கார் வித்தையை அப்படியே வேனுக்குக் காப்பியடிச்சதுதான் இந்தக் கூத்தோட ஆரம்பம்.

அடுத்தது, ஊஃபரோட ஆயுசு. மூடின பொட்டிக்குள்ள அடைபட்ட காத்து ஸ்பிரிங் மாதிரி கூம்பைப் பிடிச்சு இழுக்கும். எட்கர் வில்ச்சூர் 1954-லயே இந்தக் காத்து ஸ்பிரிங்கை நம்பி சின்னப் பொட்டி ஸ்பீக்கர் செஞ்சு காட்டினார். பொட்டி இல்லைன்னா அந்தப் பிடிமானம் இல்லை. வால்யூமை ஏத்த ஏத்த கூம்பு எல்லை தாண்டி ஓடும், காயில் பின்தட்டுல போய் மோதும். "டக் டக்"னு ஒரு சத்தம் வருமே, அது பேஸ் இல்லை. ஊஃபரோட மரண ஓலம் :-)

பெரிய ஆம்ப்பு கதையையும் பார்த்துடுவோம். வாட்டை ரெட்டிப்பாக்கினா ஏறுறது வெறும் 3 டெசிபல். ஏபி வகை ஆம்ப்பு நிஜமா 300 வாட் கொடுக்கணும்னா சுமார் 600 வாட் இழுக்கும். 60 வாட் ஹெட்லைட் பல்பு பத்தை ஒண்ணா எரிக்கற மாதிரி. 796 சிசி வண்டியோட பேட்டரி அதுக்காகவா இருக்கு? ராத்திரி ஒரு மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா கடைக்காரர் வந்து தள்ளுவாரா?

இதெல்லாம் காசு நஷ்டம். எனக்கு நிஜமா கோபம் வர்றது வேற இடத்துல. அந்த ஊஃபர் காந்தத்தோட ஆறு கிலோன்னு வெச்சுக்குங்க. 50 கிலோமீட்டர் வேகத்துல வண்டி எதுலயாவது மோதி நின்னா, கிளாம்ப் பிய்ஞ்ச ஊஃபர் அதே வேகத்துல முன்னாடி பறக்கும். மூணு மாடி உயரத்துலேர்ந்து ஆறு கிலோ கல் விழற வேகம் அது. அதுக்கு முன்னாடி யார் உட்கார்ந்திருக்காங்க? எல்.கே.ஜி. பசங்க. சீட்டுத் தகடும் நாலு திருகும் அதைத் தாங்கும்னு யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா?

இன்னொரு கோஷ்டி வேன் தரையை வட்டமா வெட்டி ஊஃபர் முதுகை ரோட்டுப் பக்கம் விடச் சொல்லுது. தத்துவப்படி சரி, தடுப்பு கிடைச்சுடும். ஆனா மழைத் தண்ணியும் புழுதியும் கூம்புக்குப் போகும். அடைப்பு விட்டுப் போனா சைலன்சர் புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கற பிள்ளைக்குத் தெரியவும் தெரியாது. வண்டியோட அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தறதுக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவும் குறுக்கே நிக்குது.

சரி, "இடத்தை அடைக்கும்"னு சொல்றாங்களே, எவ்வளவு? நிறைய 12 இன்ச் ஊஃபருக்கு ஒரு கன அடி மூடின பொட்டி போதும். 18 மி.மீ. பிளைவுட்ல வெளி அளவு நீளம், அகலம், உயரம் மூணும் 34 சென்டிமீட்டர். வீட்டு கேஸ் சிலிண்டரை விடச் சின்னது. அதுக்கு மேல, சின்ன கேபினே கீழ் ஸ்வரத்தைத் தூக்கிக் கொடுக்கும். மூணு மீட்டர் கேபின்னா சுமார் 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலைக்குப் பரவ இடமில்லாம அழுத்தமா ஏறும். பொட்டி குறைக்கறதை வேன் ஈடு கட்டும். தகடு அதிர்றதாலயும் கதவு இடுக்காலயும் கொஞ்சம் கசியும், இருந்தாலும் லாபம்தான். தடுப்பு இல்லாத ஊஃபருக்கு இந்தப் புண்ணியமும் கிடையாது. அழுத்தினதை அதுவே உறிஞ்சிடுதே!

பொட்டியே ஆகாதுன்னு அடம் பிடிக்கறவங்களுக்கும் வழி இருக்கு. கடைசி சீட்டுக்குப் பின்னாடி தரையிலேர்ந்து கூரை வரைக்கும் கெட்டியா மரச்சுவர், சுத்தி ஃபோம், இடுக்கு இல்லாத அடைப்பு. வெட்டவெளிக்குன்னு செஞ்ச ஊஃபரா வாங்கணும். விவரத்தாள்ல க்யூ.டி.எஸ். 0.6, 0.7-க்கு மேல இருக்கும். மூடின பொட்டிக்கு 0.4, 0.5 பொருந்தும். இவ்வளவும் செஞ்சா பேஸ் வரும். ஆனா அதுக்குப் பேர் என்ன? வேன் அகலத்துக்கு ஒரு பொட்டி!

கார் கேபினுக்குள்ள வர்ற உறுமலைக் குறைக்கறதுதான் இங்கே எனக்குச் சம்பளம். அதே உறுமலைக் காசு கொடுத்து வாங்கற என் அக்கா பையன் மேல எனக்குக் கோபம் இல்லை. பாட்டு கேக்கறவன் கேக்கட்டும். சிவனசமுத்திரத்திலேர்ந்து 1902-லயே கரண்ட் வந்த ஊர், ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் தெருவுக்குத் தெரு இருந்த ஊர். அந்த ஊர்க்காரன்கிட்ட "உனக்கு இது போதும்"னு அரை வேலை செஞ்சு முழுக்காசு வாங்கறாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. ஒரு நாள் தச்சு வேலையை மிச்சம் பிடிக்க அடுத்தவன் பிழைப்பிலயும் பிள்ளைங்க தலையிலயும் கை வைக்கறாங்க.

அதனால கடைக்குப் போனா மூணே கேள்வி கேளுங்க. "ஊஃபர் முன்பக்கக் காத்தையும் பின்பக்கக் காத்தையும் எது பிரிக்குது?" "சடன் பிரேக் அடிச்சா எது பிடிச்சு நிறுத்துது?" "பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் போட்டீங்களா?" பதில் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணா"ன்னு வந்தா, ஊஃபரைத் தூக்கிக்கிட்டு நேரா ஆசாரி வீட்டுக்கு நடையைக் கட்டுங்க.

டிஸ்கி: பொட்டி செஞ்சாலும் அதைத் தரையோட பட்டி போட்டு போல்ட்ல இறுக்கணும். டிரில் போடறதுக்கு முன்னாடி அடியில பெட்ரோல் குழாய் போகுதான்னு குனிஞ்சு பாருங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல ஊருக்குள்ள வால்யூமைக் குறைங்க. ஏர் பிளாஸ்ட்ல அடுப்படிப் பாத்திரம் குலுங்கினதைப் பார்த்த பெரியவங்க இன்னும் இருக்காங்க, தூக்கத்துல பதறிடப் போறாங்க.