மௌன அக்ஷரங்களும் பிரெஞ்சு வினைகளும்

எழுதியபடியே படித்துப் பழகிய நம்மவர் பிரெஞ்சு கற்கப் புகும்போது, முதற் பரீட்சை வினைமுற்றுக்களிலேயே நேர்ந்துவிடுகிறது. பேசுதல் என்னும் பொருள்தரும் ‘பார்லே’ என்ற வினையின் நிகழ்கால வடிவங்களைப் புத்தகத்தில் கண்டு, தன்மைக்கு ஒரு விகுதி, முன்னிலைக்கு ஒன்று, படர்க்கைப் பன்மைக்கு மற்றொன்று என்று சிரத்தையுடன் மனனம் செய்து, எழுத்தெழுத்தாக உச்சரித்தோமானால், கேட்கும் பிரெஞ்சுக்காரருக்கு ஒன்றும் விளங்காது. ஏனெனில் நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்கிற்கும் அவர் நாவில் எழுவது ‘பார்ல்’ என்ற ஓரசையே. ‘அவர்கள்’ வடிவத்தின் ஏழு எழுத்துக்களில் கடைசி மூன்றும் மௌனம். ‘நூ பார்லோன்’ (நாம் பேசுகிறோம்), ‘வூ பார்லே’ (நீங்கள் பேசுகிறீர்கள்) ஆகிய இரண்டில்தான் விகுதி ஒலித்து ஈரசையாகிறது.

அதே மூன்று எழுத்துக்கள் பெயர்ச்சொல்லின் ஈற்றில் நின்றால் மூக்கொலியாகும் என்பது விசேஷம். தலைவர் என்னும் பெயர் ‘பிரெ-ஸி-தான்’ என மூவசை. அவர்கள் தலைமை வகிக்கிறார்கள் என்னும் வினையோ, எழுத்தில் அணுவளவும் மாறாதிருந்தும், ‘பிரெ-ஸித்’ என ஈரசை. ஆகவே, சொல்லின் இலக்கணத்தை அறியாமல் அதன் அசையைப் பிரிக்க இயலாது.

சொல்லின் எல்லையையும் அசை மதிப்பதில்லை. அவன் நேசிக்கிறான் என்பது ‘இ-லெம்’. அவர்கள் நேசிக்கிறார்கள் என்பது ‘இல்-ஸெம்’. எழுத்தில் பிரதிப்பெயரின் ஈற்றிலுள்ள ஸகரம், ஒலியில் வினையின் தலையில் ஏறி, அடிநாதத்தோடு அதிர்ந்து, பன்மையைத் தனியொருவனாக அறிவிக்கிறது. எனக்கு இம்மொழியில் இதைவிட அழகாகத் தோன்றும் நுட்பம் வேறில்லை.

பேச்சில் ஊமையான எகரம் செய்யுளில் உயிர்பெற்று எழுகிறது. ராசீனின் ‘ஃபேத்ர்’ நாடகம் 1677-இல் அரங்கேறியது. அதன் பன்னிரண்டசை அடிகளைப் போன்ற பழைய யாப்பில், ‘பார்ல்’ என்னும் படர்க்கை ஒருமைக்குப் பின் மெய் வந்தால் ‘பார்-ல’ என இரண்டாக எண்ணுவர். நம் குற்றியலுகரம்போல் உயிர் வந்தால் அந்த எகரம் கெடும். அடியின் ஈற்றில் நின்றால் கணக்கிற் சேராது. மார்செய், துலூஸ் முதலிய தென்னகத்தாரோ அன்றாடப் பேச்சிலும் அதை ஒலிக்கிறார்கள். அதைப் பிழை என்று சொல்வது அநியாயம்.

ஆதலின், பிரெஞ்சு கற்கும் இளைஞர்களே, வினையைத் தனியே பிடுங்கி அசை பிரிக்காதீர்கள்; பிரதிப்பெயரோடு சேர்த்து, நன்கறிந்தவர் ஒருவர் வாசிக்கச் செவியாரக் கேட்டு, அதன் பின்னரே கோடு கிழியுங்கள்.