பெரிய வண்டி யாருக்காக?

2004 ஆழிப்பேரலையின் பின் மட்டக்களப்பில் லாண்ட் குறூசர் வண்டிகள் பெருகின. அவற்றின் பலத்தை நாம் மறுக்கவில்லை. உயர்ந்த அடிப்பாகம், நான்கு சில்லுக்கும் வலு, ஊர் மெக்கானிக்கும் திருத்தக்கூடிய டீசல் இயந்திரம். மார்கழி வெள்ளத்தில் படுவான்கரைக் கர்ப்பிணித் தாயை ஆஸ்பத்திரிக்குச் சேர்க்க அதுவே வேண்டும்.

ஆயின் வெள்ளம் சில நாட்களே. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் சிறு வண்டியும் போய்வரலாம். பெரிய வண்டியோ 2 தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தால் வயற்பாதையைக் குழியாக்கும். டீசலை அதிகம் குடிக்கும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வந்தாறுமூலையிலிருந்து நாம் மோட்டார் சைக்கிளில்தான் ஊர்களுக்குப் போனோம். மக்கள் மறித்துப் பேசினார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவரை யார் மறிப்பார்?

எனவே நிறுவனத்துக்கு ஒன்று வேண்டாம். வெள்ளத்துக்கென எல்லோருக்கும் பொதுவாக ஒன்று போதும்.