பழைய பென்ஸும் பரிகம் மலைப்பாதையும்

கரும்புப் பணமோ மரவள்ளிப் பணமோ மொத்தமாகக் கைக்கு வந்தால், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் சில வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். புதிதாக ஒரு சின்ன கார் வாங்கும் காசுக்கு, பதினைந்து வருஷம் ஓடிய பென்ஸ் ஒன்று சென்னையில் நிற்கிறதாம். ஒரே ஓனர், டாக்டர் வண்டி, கருப்பு கலர். அப்பாவுக்குக் கல்யாண மண்டப வாசலில் அந்தக் கார் நிற்கும் காட்சி கண்ணுக்குள் வந்துவிடுகிறது. மகனோ ஏற்கெனவே நூறு வீடியோ பார்த்து முடித்துவிட்டான். அம்மா மட்டும், "ரிப்பேர் வந்தா எங்க காட்டுறது?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குத்தான் யாரிடமும் ஒழுங்கான பதில் இருக்காது.

"அதெல்லாம் பென்ஸ் என்ஜின், சாகாது" என்று சமாதானம் சொல்வார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். பராமரித்த பென்ஸ் டீசல் என்ஜின் மூன்று லட்சம் கிலோமீட்டரைச் சாதாரணமாகக் கடக்கும். ஆனால் பழைய சொகுசுக் காரில் குடும்பத்தின் சேமிப்பைக் காலி செய்வது அநேகமாக என்ஜின் இல்லை, அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ். விலை பேசும்போது பானெட்டைத் திறந்து என்ஜினைப் பார்ப்பவர்கள், காருக்கு அடியில் குனிந்து பார்ப்பதில்லை.

ஒரு காலத்தில் இந்தப் பயமே இருந்ததில்லை. 1984ல் வந்த காண்டசாதான் அன்றைய 'பெரிய கார்'. ஆரம்பத்தில் அதற்குள் இருந்தது அம்பாசிடரின் 1489 சிசி என்ஜின். உடம்பு யானை, உயிர் ஆடு. ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் முக்கி முனகிக்கொண்டு போகும். பிறகு 1.8 லிட்டர் இசுசு என்ஜினும் ஐந்து கியரும் வந்தபோதுதான் அந்த உடம்புக்கு ஏற்ற உயிர் வந்தது. ஆனால் காண்டசாவின் கியர் பாக்ஸ் மக்கர் செய்தால், புளியமரத்தடி மெக்கானிக்கே இறக்கிப் பிரித்து, பல்சக்கரம் மாற்றி, இரண்டு நாளில் ஏற்றிவிடுவார். சொகுசுக் காரை அப்படியே பழகிய தலைமுறை, இன்றைய பழைய பென்ஸையும் அதே கணக்கில் பார்க்கிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியாவில் நிறுவனம் தொடங்கியது 1994ல். மறு வருஷமே டெல்கோவின் புனே வளாகத்தில், டபிள்யூ 124 என்ற இ கிளாஸ் கார் தயாராக ஆரம்பித்தது. அதில் வந்த இ 250 டீசலுக்கு 113 குதிரைத்திறன்; டர்போ கிடையாது. நிதானமான வண்டி. கைக் கியர் உள்ள டபிள்யூ 124 நல்ல நிலையில் கிடைத்தால், மலையடிவார ஊரில் இருப்பவருக்கு இன்றும் அதுதான் நிம்மதியான பென்ஸ். கிளட்ச் தேய்ந்தால் கிளட்ச் மாற்றினால் போதும்.

அடுத்த இரண்டு தலைமுறை இ கிளாஸ் கார்கள்தான் இப்போது பழைய கார் சந்தையில் ஆசை காட்டுகின்றன: டபிள்யூ 210, டபிள்யூ 211. இவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது 1996ல் அறிமுகமான ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். கம்பெனி கொடுத்த எண் 722.6. இழுவைக்குக் குறையே இல்லை. டபிள்யூ 211ல் வந்த இ 220 சிடிஐயின் முறுக்குவிசை 340 நியூட்டன் மீட்டர். அதுவும் 2000 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடும். ஒரு சின்ன பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்று மடங்கு. தியாகதுருகம் தாண்டி உளுந்தூர்பேட்டை வரை நான்கு வழிச் சாலையில் போனால், வண்டி ஓடுவதே தெரியாது. விற்பவர் டெஸ்ட் டிரைவுக்கு அந்தச் சாலைக்குத்தான் அழைத்துப் போவார். சமதரை, ஒரே வேகம், டாப் கியர். கியர் பாக்ஸுக்கு அங்கே வேலையே இல்லை.

மலை வேறு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, பரிகம் வழியாக வெள்ளிமலை ஏறும் பாதையில் கியர் பாக்ஸ் ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாது. வளைவில் இரண்டாம் கியர், நிமிர்ந்ததும் மூன்று, எதிரே பஸ் வந்தால் மறுபடி இரண்டு. ஆட்டோமேட்டிக்கில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே கிளட்ச் தட்டு கிடையாது. டார்க் கன்வர்ட்டர் என்ற உருண்டைக்குள் ஆயில் சுழன்றுதான் சக்தியைக் கடத்துகிறது. மெதுவான வேகத்தில் அதிக சுமை இழுக்கும்போது அந்த ஆயில் வழுக்கும். வழுக்கினால் சூடு. சூடு ஏற ஏற ஆயிலின் ஆயுள் வேகமாகக் குறையும். பெரிய கல்வராயன் சுமார் 4000 அடி உயரம். உள்ளே ஐந்து பேர், டிக்கியில் பலாப்பழமும் கடுக்காய் மூட்டையும், வெளியே சித்திரை வெயில். பலவீனமான கியர் பாக்ஸ் அதற்கு மேல் எதையும் மறைக்க முடியாது.

இந்தக் கியர் பாக்ஸின் ஆயிலைப் பற்றி ஆரம்பத்தில் கம்பெனி சொன்னது, ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று. யாருடைய ஆயுள் என்று சொல்லவில்லை. முதல் ஓனர் நாலைந்து வருஷத்தில் விற்றுவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது சரி. மூன்றாவது கையாக வாங்குகிறவர்தான் அந்த வாக்கியத்துக்கு விலை கொடுக்கிறார். பிற்பாடு கம்பெனியே மனம் மாறி, 60,000 கிலோமீட்டரில் மாற்றலாம் என்றது. ஆனால் பழைய பேச்சு இன்னும் ஓயவில்லை. "இது சீல்டு கியர் பாக்ஸ் சார், கையே வைக்கக்கூடாது" என்று பெருமையாகச் சொல்லும் புரோக்கரைப் பார்க்கலாம். அவர் பொய் சொல்லவில்லை, இருபத்தைந்து வருஷம் பழைய உண்மையைச் சொல்கிறார்.

ஆயில் அளவு பார்ப்பதும் லேசு இல்லை. என்ஜினுக்கு இருப்பது போல இழுத்துப் பார்க்க ஒரு கம்பி இதில் கிடையாது. குழாய் மட்டும் உண்டு, மேலே பூட்டிய மூடி. வொர்க்‌ஷாப்பில் தனிக் கம்பி வைத்துப் பார்ப்பார்கள். ஆயில் சுமார் 80 டிகிரி சூட்டில் இருக்கும்போது பார்த்தால்தான் அளவு சரி. மொத்தம் எட்டு லிட்டருக்கு அருகில் பிடிக்கும். சம்ப்பைத் திறந்து வடித்தால் ஏறக்குறைய பாதிதான் இறங்கும். மீதி டார்க் கன்வர்ட்டருக்குள். "மாத்தியாச்சு" என்று சொல்லும் பில்லில் நாலு லிட்டர்தான் எழுதியிருந்தால், பாதி பழசு உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். கேனில் 236.14 என்ற எண் அச்சாகியிருக்க வேண்டும். சிவப்பாக இருக்கிறது என்பதற்காகப் பக்கத்துக் கடையில் கிடைத்த பவர் ஸ்டீரிங் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. அப்படி ஊற்றிய காரை வாங்காமல் இருப்பதே மேல்.

இந்தக் கியர் பாக்ஸில் அடிக்கடி பார்க்கும் இன்னொரு வியாதி மிகச் சின்னது. பக்கவாட்டில் மின் ஒயர்கள் நுழையும் இடத்தில் ஒரு பிளக். அதற்குள் ஒரு ரப்பர் வளையம். வருஷம் ஆக ஆக அது சுருங்கி ஆயில் கசியும். கசிந்த ஆயில் கீழே சொட்டினாலாவது தெரியும். அது ஒயருக்குள்ளேயே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி, கியரை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி வரை போய்விடும். அந்தப் பிளக்கின் விலை சொற்பம். பெட்டியின் விலையைக் கேட்டால் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும்.

2003 வரை வந்த சில டபிள்யூ 211 கார்களில் ரேடியேட்டரே வில்லன். கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாயும் ரேடியேட்டருக்குள்தான் இருக்கிறது. உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் தண்ணீர் ஆயிலோடு கலந்து, கியர் பாக்ஸுக்குள் ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளின் ஒட்டுப்பசை தண்ணீர் பட்டால் விட்டுப்போகும். அந்த வருஷத்துக் கார் என்றால் ரேடியேட்டர் மாற்றிய பில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கலர், சன்ரூஃப் எல்லாம் அப்புறம்.

ஏழு கியர் என்று பெருமையாகச் சொல்லப்படும் அடுத்த மாடலில் கம்ப்யூட்டரே கியர் பாக்ஸுக்குள், ஆயிலில் மூழ்கிக் கிடக்கிறது. கெட்டுப்போனால் வேறொரு காரிலிருந்து கழற்றிப் பொருத்தினால் அப்படியே வேலை செய்யாது. அந்தக் காருக்கென்று கோடிங் செய்ய வேண்டும். பென்ஸ் வேண்டாம், ஸ்கோடா சூப்பர்ப் பார்க்கலாம் என்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் 1.8 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி. இதே வகைக் கியர் பாக்ஸுக்காக 2013ல் ஃபோக்ஸ்வாகன் குழுமம் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து ஆயில் மாற்றிக் கொடுத்தது. உலர் கிளட்ச்சுக்கு ஊர்ந்து ஏறும் மலைப்பாதை பிடிக்காது. அந்தஸ்து கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்றால் பழைய டொயோட்டா கேம்ரி மலைக்கு ஒத்துப்போகும். ஆனால் மண்டப வாசலில் கேம்ரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, ஆசை விடவில்லை என்றால்? காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். முன்னாடியே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடலாம். குளிர்ந்த வண்டியில் டி போட்டதும், ஆர் போட்டதும் எவ்வளவு நேரத்தில் கியர் பிடிக்கிறது என்று கவனிக்க வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் யோசித்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் கிளம்பும் முன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை பார்க்கச் சொல்ல வேண்டும். பழைய கோளாறுகளை அழித்துவிட்டுத்தான் வண்டியைக் காட்டுவார்கள். ஓடினால் அவை திரும்பி வரும். அரை மணி நேரமாவது ஏற்றத்தில் ஓட்ட வேண்டும். வண்டி சென்னையில் என்றால் ஏலகிரி, சேலத்தில் என்றால் ஏற்காடு. கள்ளக்குறிச்சிக்கே கொண்டுவந்து காட்டச் சம்மதித்தால் பரிகம் ஏற்றமே போதும். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது என்ஜின் மட்டும் கத்தி, வண்டி நகராமல் ஒரு கணம் தொங்குகிறதா? சமதரையில் அறுபது வேகத்தில் லேசாக மிதிக்கும்போது, கல் சாலையில் போவது போல ஒரு அதிர்வு வருகிறதா? இரண்டில் எது இருந்தாலும் விலையைக் குறைத்துக் கேட்டுப் பயனில்லை.

வீட்டுக் கணக்கில் இன்னும் இரண்டு வரி எழுத வேண்டும். பதினைந்து வருஷம் முடிந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இறக்குமதி செய்த கார் என்றால் 40,000 ஆனது. புதுப்பித்தாலும் ஐந்து வருஷம்தான். கியர் பாக்ஸ் தானாகக் கெட்டால் இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது. அது விபத்து இல்லை, தேய்மானம். ஆகவே பழைய சொகுசுக் கார் வாங்குகிறவர், ஒரு கியர் பாக்ஸ் வேலைக்கு ஆகும் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில்தான் காரின் விலையைப் பேச வேண்டும். மகளின் காலேஜ் ஃபீஸ் அந்தத் தனிப் பணத்தில் சேராது.

வாங்கியாயிற்று, மலைக்கும் போயாயிற்று என்றால் இறக்கத்தில் செய்யும் ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது. கைக் கியர் காரிலேயே அது ஆபத்து. ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும் காரில் பிரேக் மட்டும் எத்தனை வளைவு தாங்கும்? இந்த பென்ஸ்களில் பலவற்றில் கியர் லிவரை டியில் வைத்தபடி இடது பக்கம் லேசாகத் தட்டினால் ஒரு கியர் இறங்கும். இரண்டோ மூன்றோ வைத்துவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சில கார்களில் லிவருக்குப் பக்கத்தில் 'டபிள்யூ' என்ற ஒரு பட்டன் இருக்கும். வின்டர், அதாவது ஜெர்மனியின் பனிக்காலத்துக்கு. வண்டி இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளம்பும். கல்வராயனில் பனியில் சறுக்க வாய்ப்பில்லை. ஐப்பசி மழையில் சேறான சாலையோரத்திலிருந்து வண்டியை எடுக்க அது உதவும்.

வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் நடுவே திடீரென்று வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, வேகமே எடுக்க மறுத்தால் பதற வேண்டாம். கம்ப்யூட்டர் ஏதோ கோளாறைப் பார்த்துவிட்டு, கியர் பாக்ஸைக் காப்பாற்றத் தானே பூட்டிக்கொண்டிருக்கிறது. அகலமான இடத்தில் ஓரம்கட்டி, பியில் போட்டு, என்ஜினை அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பல சமயம் சரியாக ஓடும். இதே வித்தையைச் செய்துதான் சிலர் கோளாறான காரை விற்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். சரியாகவில்லை என்றாலும் இரண்டாம் கியரும் ரிவர்ஸும் இருக்கும். பிள்ளைகள் படகுத்துறைக்குப் போகலாம் என்று அடம்பிடித்தாலும் மேலே ஏறக்கூடாது. பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. ஏசியை அணைத்து, இரண்டாம் கியரிலேயே மெதுவாகக் கச்சிராயபாளையம் வரை இறங்கிவிடலாம். அங்கிருந்து வண்டியைக் கயிறு கட்டி இழுக்க யாராவது முன்வருவார்கள், வேண்டாம். பின்சக்கரம் தரையில் உருள, என்ஜின் அணைந்திருக்க, ஆயில் பம்ப் ஓடாமல் கியர் பாக்ஸ் காய்ந்தபடியே சுற்றும். நாலு சக்கரமும் மேலே ஏறும் வண்டியைச் சேலத்திலிருந்து வரவழைக்க நேரமாகும்தான். அதுவரை பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டு காத்திருக்கலாம்.