ஒற்றை எண்ணில் அடங்காத காடு: மொரிஷியஸின் உயிரித்திரள் கணக்கு

காட்டில் உயிரோடு நிற்கும் தாவரங்களின் உலர் எடையையே வனவியல் உயிரித்திரள் என்று குறிக்கிறது. தண்டு, கிளை, இலை ஆகியவற்றின் எடை நிலமேல் உயிரித்திரளாகவும் வேர்களின் எடை நிலக்கீழ் உயிரித்திரளாகவும் பிரிக்கப்பட்டு, ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று பதிவாகிறது; அந்த எடையில் ஏறத்தாழ 47 விழுக்காடு கரிமம் என்னும் பொதுக் கெழுவைக் கொண்டு நாடுகள் அதனைக் கரிம இருப்பாக மாற்றுகின்றன. ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு 1948 முதல் வெளியிட்டுவரும் உலக வன வள மதிப்பீடுகளுக்கு ஒவ்வொரு நாடும் இவ்வெண்களை அனுப்பவேண்டியிருப்பதால், வனத்துறையில் ஆள்பலமும் நிதியும் குறைந்த சிறு தீவு நாடுகள், காட்டுப் பரப்பை மாறாத ஒரு சராசரி எடையால் பெருக்கி, அளவீடு நடக்காத ஆண்டுகளை இடைக்கணிப்பால் நிரப்புவது வழக்கமாகிவிட்டது. இவ்வாறு உருவாகும் காலத்தொடர் காட்டுப் பரப்பின் மாற்றத்தை மட்டுமே காட்டுமேயன்றிக் காட்டுக்குள் நிகழும் மாற்றத்தைக் காட்டாது. இக்குறை எவ்வளவு பெரிய பிழைக்கு இட்டுச்செல்லும் என்பதை மொரிஷியஸின் நிலைமை தெளிவாக உணர்த்துகிறது.

அத்தீவின் காட்டு வரலாறு பெரும்பாலும் இழப்பின் வரலாறே. 1638இல் குடியேறிய டச்சுக்காரர்கள் கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்தனர். 1639இல் அவர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மான்கள் இன்றளவும் இளங்கன்றுகளை மேய்ந்துவருகின்றன. பிரெஞ்சு ஆட்சியில் பியர் புவாவ்ர் நிர்வாகியாக இருந்தபோது, 1769ஆம் ஆண்டு ஒழுங்குவிதி நிலவுடைமையாளர் தம் நிலத்தில் கால்பங்கைக் காடாக விட்டுவைக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய ஆட்சியின்கீழ் கரும்புத் தோட்டங்கள் விரிவடைந்தபோது தாழ்நிலக் காடுகள் ஏறக்குறைய முழுவதும் மறைந்தன. இன்று நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 39,000 ஹெக்டேர், காடு என்று கணக்கில் உள்ளது. அதன் கணிசமான பகுதி பைன் முதலிய நடவுக் காடுகள். தரம் குன்றாத இயற்காடோ தீவின் நிலப்பரப்பில் 2 விழுக்காட்டையும் எட்டாது.

எஞ்சிய இயற்காட்டின் உள்ளே நிகழ்ந்துவரும் மாற்றமே இங்கு முதன்மையாகக் கவனிக்கத்தக்கது. தாவரவியலாளர்கள் வான் மற்றும் வியே 1930களில் மக்காபே மேட்டுக் காட்டில் மரங்களை இனவாரியாக அளந்து பதிவுசெய்தனர். பல பத்தாண்டுகள் கழித்து அக்காடு மீண்டும் ஆராயப்பட்டபோது, 1994இல் அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் பாதுகாப்புக்குள் அது இருந்தபோதிலும், இயல்மரங்கள் குறைந்து, பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட சீனக்கொய்யா போன்ற ஊடுருவும் அயல்தாவரங்கள் பெருகியிருந்தமை தெரியவந்தது. பரப்பு குறையவில்லை, கோடரி விழவில்லை, ஆனால் காடு மாறிவிட்டது. பரப்பைச் சராசரியால் பெருக்கும் கணக்கில் இம்மாற்றத்திற்கு இடமே இல்லை.

இதனினும் கவலைக்குரிய விளைவு ஒன்று உண்டு. இயற்காட்டை மீட்பதற்காக மொரிஷியஸ் வனப் பணியாளர்கள் தேர்ந்தெடுத்த பகுதிகளை வேலியிட்டு, அயல்தாவரங்களை வெட்டி அகற்றிவருகின்றனர். அவ்விடங்களில் இயல்தாவரங்களின் நாற்றுகள் மீண்டும் தலையெடுக்கின்றன. ஆனால் அடர்ந்து வளர்ந்த கொய்யாப் புதரை அகற்றும் ஆண்டில் அப்பகுதியின் மொத்த உயிரித்திரள் குறையத்தான் செய்யும்; மெதுவாக வளரும் கருங்காலியின் கன்றுகள் அந்த எடையை ஈடுசெய்ய நீண்ட காலம் பிடிக்கும். ஆகவே மொத்த எடையை மட்டும் பார்க்கும் கணக்கில் மீட்புப்பணி சீரழிவாகவும், ஊடுருவல் வளர்ச்சியாகவும் பதிவாகும். கரிம இருப்புக்கு நிதி வழங்கும் திட்டங்கள் பெருகிவரும் இக்காலத்தில் இப்பிழை நிதி ஒதுக்கீட்டையே திசைதிருப்பக்கூடியது.

அளவீட்டு முறையின் சிறு முடிவுகளும் இத்தொடரைக் குலைக்கின்றன. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுக்கப்படும் மார்புயர விட்டம் 10 செ.மீ.க்குக் குறைந்த தண்டுகளைப் பல கணக்கெடுப்புகள் விட்டுவிடுகின்றன. சீனக்கொய்யாவின் தண்டுகளோ பெரும்பாலும் மெலிந்தவை என்பதால், ஊடுருவலின் பெரும்பகுதி அந்த வரம்புக்குக் கீழே மறைந்துவிடுகிறது. விட்டம், உயரம், மர அடர்த்தி ஆகியவற்றிலிருந்து ஒரு மரத்தின் எடையைக் கணிக்கும் சமன்பாடுகள் பெரும்பாலும் கண்டங்களின் காடுகளில் உருவானவை. சூறாவளிகள் அடிக்கடி தாக்கும் தீவில் மரங்கள் அதே விட்டத்திற்குக் குறைந்த உயரமே எட்டுவதால், உயரத்தை அளக்காமல் அச்சமன்பாடுகளைக் கையாளுவது எடையை மிகைப்படுத்தும். கருங்காலி போன்ற கனமரத்தையும் பைன் போன்ற இலகுமரத்தையும் ஒரே அடர்த்தியால் கணக்கிடுவதும் இத்தகைய பிழையே.

செயற்கைக்கோள்கள் இக்குறையைத் தாமே தீர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் பொருந்தாது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட கெடி என்னும் லேசர் கருவி 25 மீட்டர் விட்டமுள்ள புள்ளிகளில் விதான உயரத்தை அளக்கிறது. ஆயினும் அப்புள்ளிகளின் தடங்கள் சிறு தீவின்மீது அரிதாகவே விழுகின்றன. ஐரோப்பிய விண்வெளி முகமை 2025 ஏப்ரலில் ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோளின் நீள்அலை ரேடார் அடர்காட்டையும் ஊடுருவ வல்லது; எனினும் அதன் உயிரித்திரள் வரைபடம் 200 மீட்டர் கட்டங்களால் ஆனது என்பதால், சில ஹெக்டேர் அளவே உள்ள இயற்காட்டுத் துண்டுகள் ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் கரைந்துவிடும். எடையை அறியும் இக்கருவிகள் எந்த இனத்தின் எடை அது என்பதைச் சொல்லமாட்டா.

எனவே சிறு தீவு நாடுகளின் உயிரித்திரள் கணக்கு நான்கு வகையில் சீர்செய்யப்பட வேண்டும் என்று இவ்விதழ் வலியுறுத்துகிறது. முதலாவதாக, மொத்த எடை இயல்தாவரம், ஊடுருவும் அயல்தாவரம், நடவு மரம் என மூன்று பத்திகளாகப் பிரித்து வெளியிடப்பட வேண்டும். இரண்டாவதாக, நிரந்தர மாதிரித் திடல்கள் அமைக்கப்பட்டு, மெல்லிய தண்டுகளையும் உள்ளடக்கிய மாறாத விட்ட வரம்புடன் குறித்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் அளக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, 1960இன் கரோல், 1975இன் ஜெர்வைஸ் போன்ற பெருஞ்சூறாவளிகளுக்குப் பின் வீழ்ந்த மரங்களின் எடை பட்டமரத் தொகுப்புக்கு மாற்றிப் பதியப்படுவதோடு, அம்மரங்களை எடைபோட்டுத் தீவுக்கே உரிய சமன்பாடுகளும் உருவாக்கப்பட வேண்டும். அதற்கென அரிய இயல்மரங்களை வெட்டவேண்டிய தேவை எழாது. நான்காவதாக, அளக்கப்பட்ட ஆண்டுகளும் இடைக்கணிப்பால் நிரப்பப்பட்ட ஆண்டுகளும் அட்டவணையில் வேறுபடுத்திக் காட்டப்பட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் பிழை எல்லை இணைக்கப்பட வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு தேவையில்லை. அளவுநாடாவும், இனங்களை அடையாளம் காணும் பயிற்சிபெற்ற பணியாளர்களும், பத்தாண்டுகளுக்கு அப்பாலும் ஒரே முறையைக் கைவிடாத நிர்வாகமுமே தேவை. மக்காபேயில் 1930களில் எடுக்கப்பட்ட அளவுகள் இனவாரியாக எழுதப்பட்டிருந்தமையால்தான் பிற்கால ஆய்வாளர் அங்கு நேர்ந்த இழப்பை நிறுவ முடிந்தது. இன்று திடலில் நிற்கும் வனவியலாளரும் அடுத்த நூற்றாண்டின் கேள்விகளுக்கு விடையளிக்கும் வகையில் தம் பதிவேட்டை எழுதக் கடமைப்பட்டவர். எடையோடு இனத்தையும் எழுதுவதே அக்கடமையின் முதற்படி.