மண்டபத்தில் பிறந்தவன் எந்த நாட்டான்?

கணியன் பூங்குன்றனார் பாட்டு முழங்காத மேடை நம் நாட்டில் உண்டா? முழங்கிவிட்டு வீடு திரும்பும் பெருமகனாரிடம், முகாமில் வளர்ந்த இளைஞன் வாடகைக்கு ஓர் அறை கேட்கட்டும். "அகதியா? வேறிடம் பார், தம்பி!" பாட்டு மேடையோடு முடிந்தது!

யார் இந்த அகதி? வெள்ளையர் ஆட்சியில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக நம்மவரைக் கப்பலேற்றுமுன், நோய் உண்டா எனத் தடுத்துவைத்துச் சோதித்த இடம் மண்டபம் முகாம். காட்டைத் தேயிலையாக்கிய அந்த உழைப்பாளியின் குடியுரிமையை இலங்கை 1948-இல் பறித்தது. 1964-இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கணக்குப் போட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு! மந்தையைப் பங்கிடுபவன்கூட ஆட்டின் முகத்தை ஒருமுறை பார்ப்பான். 1983 ஜூலைத் தீக்குத் தப்பி மலையகத்தாரும் வடக்கு கிழக்குத் தமிழரும் கரையேறினரே, அவர்களை ஏற்ற இடம் எது? அதே மண்டபம்! பாட்டன் கூலியாய்ப் புறப்பட்ட வாயிலில் பேரன் ஏதிலியாய் நுழைந்தான்.

"நம் பிழைப்பைப் பறிக்கிறானே!" என்பாருமுளர். எதைப் பறித்தான்? சாரத்தில் தொங்கி நம் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுகிறான். பொறியியல் பட்டம் பெற்றாலும் குடிமகனல்லாதவனுக்கு அரசுப் பணி இல்லை; கணக்கெடுப்பு நாளில் முகாமில் நின்று தலைகாட்ட வேண்டும்.

இந்த மண்ணில்தானே பிறந்தான் என்பீர்கள். 1987 ஜூலை 1-க்குப் பின், பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இல்லையேல், பிறந்த மண் பிள்ளைக்கு உரிமையாகாது என்கிறது சட்டம். 2019-இல் வந்த திருத்தமோ மதத்தைக் கேட்டது! பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கே கதவு திறந்தது. முஸ்லிமுக்கு இடமில்லை. இலங்கைத் தமிழன் கோயிலுக்குப் போனாலும், மாதாவைத் தொழுதாலும் இடமில்லை. மதத்தைச் சல்லடையாக்கினால் மனிதன் எப்படித் தேறுவான்? 2025-இல் டில்லி ஒரு சலுகை காட்டிற்று: 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிந்தோர்க்குத் தண்டனை இல்லையாம். உயிர் பிழைக்க ஓடிவந்ததற்கு மன்னிப்பு! குடியுரிமை கேட்டவனுக்கு அது விடையா?

தமிழக அரசு 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது; புதிய வீடுகளும் கட்டிற்று. நன்று. ஆனால் தெருவிலே 'அகதிப் பையன்' என்ற பழைய பெயர் ஒழியவில்லையே! அதை ஒழிக்க டில்லியின் ஆணை எதற்கு?

இன்னொன்று. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். அத்தகைய ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சென்னை உயர்நீதிமன்றம் 2022-இல் ஆணையிட்டது. உங்கள் ஊர் முகாமில் அப்படி எத்தனை பேர்? பிறப்புச் சான்று கையில் உண்டா? ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் கூடுமுன், அங்கே போய் விசாரியுங்கள்; மறுநாள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள்.