பாட்டியின் ஃபோன் ஏன் 'இனி இயங்காது' என்கிறது? பழைய ஆண்ட்ராய்டைக் கைவிடும் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது?

மெர்லிமாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வசிக்கும் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பேரன் 2015-இல் வாங்கி, இரண்டு வருடம் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த ஆண்ட்ராய்டு ஃபோன்தான் அவரிடம் இருக்கிறது. திரையில் ஒரு கீறல், பேட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். மற்றபடி வேலை செய்கிறது. ஒருநாள் வங்கிச் செயலியைத் தொட்டால், 'இந்தச் சாதனத்தில் இனி இயங்காது' என்று வருகிறது.

"ஃபோன் நல்லாத்தானே இருக்கு தம்பி? நேத்து வரைக்கும் ஓடுச்சே?"

பாட்டி கற்பனை, நிலைமை கற்பனை இல்லை. ஜாசின், அலோர் காஜா, தெபோங் என்று எந்தப் பக்கம் போனாலும், பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்கும் பெற்றோரிடமிருந்து தாத்தா பாட்டிக்கும் கைமாறிவந்த ஃபோன்கள் இருக்கும். பாட்டியின் கேள்விக்குப் பலரும் சொல்லும் பதில், "பேங்க்காரன் நிறுத்திட்டான்" என்பது. அது பாதி உண்மைதான்.

நூலகம் தீர்மானித்தால் செயலி என்ன செய்யும்?

இன்று எந்தச் செயலியையும் யாரும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சொந்தமாக எழுதுவதில்லை. இணையத்தோடு பேசுவதற்கு, படம் காட்டுவதற்கு, தேதி கணக்கிடுவதற்கு என்று யாரோ எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். இதற்கு நூலகம் என்று பெயர். மல்லி, மிளகாய் வறுத்து அரைக்காமல், கறித்தூள் பாக்கெட் வாங்கிப் போடுவது மாதிரி.

ஒவ்வொரு ஆண்ட்ராய்டு நூலகமும் தனக்குத் தேவையான குறைந்தபட்சப் பதிப்பு எது என்று அறிவித்திருக்கும். செயலி ஆண்ட்ராய்டு 5-இல் ஓட வேண்டும் என்று நீங்கள் எழுத, நீங்கள் சேர்க்கும் நூலகமோ 6 வேண்டும் என்று சொன்னால், செயலியைக் கட்டும்போதே பிழை வந்து நின்றுவிடும். அப்போது இரண்டு வழிதான். நூலகத்தின் பழைய பதிப்போடு நின்றுகொள்ள வேண்டும், அல்லது செயலியின் குறைந்தபட்சத்தை உயர்த்த வேண்டும். பெரும்பாலான குழுக்கள் இரண்டாவதைச் செய்கின்றன. பழைய பதிப்போடு நின்றால் அதன் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களும் வராதே!

கூகளே தரும் ஜெட்பேக் நூலகங்களின் பொதுவான குறைந்தபட்சம் 2025-இல் ஏபிஐ 21-இலிருந்து 23-க்கு உயர்ந்தது. அதாவது ஆண்ட்ராய்டு 5-இலிருந்து 6-க்கு. கிட்டத்தட்ட எல்லா ஆண்ட்ராய்டு செயலிகளும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. பாட்டியின் வங்கியில் யாரும் கூட்டம் போட்டு அவரைத் தள்ளிவைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. நாலு அடுக்கு கீழே ஒரு எண் மாறியது, அவ்வளவுதான்.

அப்படியானால் கைவிடவே கூடாதா?

அப்படிச் சொல்ல முடியாது. ஒக்எச்டிடிபி என்ற நூலகத்தைப் பாருங்கள். ஸ்குவேர் நிறுவனத்தார் எழுதியது. செயலிகள் சர்வரோடு பேசுவதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. 2019-இல் வந்த 3.13 பதிப்பு, ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே இனி ஓடாது என்று சொல்லிவிட்டது. காரணம் சோம்பல் இல்லை. ஃபோனுக்கும் சர்வருக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்டிவைக்கும் முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். அதன் 1.2 பதிப்பு ஆண்ட்ராய்டு 5-இலிருந்துதான் இயல்பாகவே இயங்கும். பழைய ஃபோன்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் பலவீனமான பழைய பூட்டையும் வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கடன் அட்டைத் துறையே பழைய டிஎல்எஸ் 1.0-ஐ நிறுத்த 2018 ஜூன் 30 என்று கெடு வைத்து முடித்திருந்தது.

இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் கதவைச் சாத்திய விதம். 3.12 கிளையைத் தனியாக வைத்துக்கொண்டு, முக்கியமான திருத்தங்களை மட்டும் அதற்கும் தருவோம் என்றார்கள். முதலில் 2020 முடியும் வரை என்றார்கள், பிறகு 2021 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். கிட்டத்தட்ட மூன்று வருட அவகாசம். கூடவே, 'இந்தப் பழைய தளங்களைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது, ஆனால் மாறுவது கஷ்டம் என்று தெரியும்' என்ற பொருளில் வெளிப்படையாக எழுதியும் வைத்தார்கள். இன்னொன்று: 2025-இல் இதே நூலகத்தின் 5-ஆம் பதிப்பு வந்தபோதும் குறைந்தபட்சம் ஆண்ட்ராய்டு 5-தான். காரணம் இல்லாமல் எண்ணை உயர்த்தவில்லை.

காரணமில்லாமல் உயர்த்துகிறவர்களும் உண்டு. 'இந்தப் பதிப்பு என்றால் இப்படிச் செய், அதற்குக் கீழே என்றால் அப்படிச் செய்' என்று நிரல் முழுக்கக் கிளை கிளையாக எழுதுவதும், ஒவ்வொன்றையும் பழைய ஃபோனில் சோதிப்பதும் அலுப்பான வேலை. சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் நூலகம் எழுதுகிறவருக்கு அந்த அலுப்பே போதுமான காரணம், அவரைக் குறை சொல்ல முடியாது. சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் நிறுவனம் அதே சாக்கைச் சொன்னால்தான் இடிக்கிறது.

'ஒரு விழுக்காடுதானே!'

2023 ஜூலையில் கூகள், ஆண்ட்ராய்டு 4.4 கிட்கேட்டுக்கான பிளே சேவைகளை நிறுத்துவதாக அறிவித்தது. அந்தப் பதிப்பில் ஓடும் சாதனங்கள் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டன என்றது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் உலகில் 3 பில்லியன் ஆண்ட்ராய்டு சாதனங்கள் பயன்பாட்டில் உள்ளன என்று கூகளே 2021-இல் சொல்லியிருந்தது. அதில் ஒரு விழுக்காடு 30 மில்லியன். 2020 கணக்கெடுப்பின்படி மலேசியாவின் மொத்த மக்கள்தொகை 32.4 மில்லியன். 'ஒரு விழுக்காட்டுக்கும் கீழே' என்ற சொல்லுக்குள் கிட்டத்தட்ட நம் நாட்டு அளவு கூட்டம் அடங்கிவிடும்.

அதோடு அந்த ஒரு விழுக்காடு உலகம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. புது ஃபோன் வாங்கக் காசில்லாதவர்கள், வயதானவர்கள், 'இருக்கிறதே போதும்' என்கிறவர்கள் இருக்கும் இடத்தில்தான் குவிந்திருக்கும். செயலி எழுதுகிறவருக்கு பிளே கன்சோல் தன் பயனர்களை ஆண்ட்ராய்டு பதிப்பு வாரியாகவும் நாடு வாரியாகவும் காட்டும். மலாக்காவில் எத்தனை, அதிலும் தோட்டப்புறத்தில் எத்தனை என்று காட்டாது. செயலியை நிறுவவே முடியாமல் திரும்பிப்போனவர் அந்தப் பட்டியலில் வரவே மாட்டார். போன வருடம் வெளியே விடப்பட்டவர்கள், 'பழைய ஃபோனில் யாருமே இல்லையே' என்ற இந்த வருடக் கணக்கைச் சுத்தமாக்கிக் கொடுக்கிறார்கள்.

எண்ணிக்கையைப் பார்த்து முடிவை மாற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இணையத்தளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, 2020 நவம்பரில் ஓர் எச்சரிக்கை விட்டது. (சரியாகச் சொன்னால் இது நூலகம் இல்லை, ஆனால் கேள்வி அதேதான்.) அவர்கள் அதுவரை சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியாகிறது. புதியதை 7.1.1-க்கு முந்திய ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்குத் தெரியாது. அவை 33.8 விழுக்காடு. மூன்றில் ஒரு ஃபோனில் எக்கச்சக்கமான தளங்கள் திறக்காமல் போயிருக்கும்.

அடுத்த மாதமே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பழைய ஆண்ட்ராய்டு பார்ப்பதில்லை. அந்தக் குறையையே துணையாக வைத்து, ஐடென்டிரஸ்ட் நிறுவனத்திடம் இன்னும் மூன்று வருடத்துக்குக் கையொப்பம் வாங்கினார்கள். 2023 ஜூலையில் பார்த்தபோது புதிய சான்றிதழை ஏற்கும் ஆண்ட்ராய்டு ஃபோன்கள் 66-லிருந்து 93.9 விழுக்காடாக ஏறியிருந்தன. 2024 செப்டம்பரில் பழைய ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அப்போதும் சிலர் வெளியே விடப்பட்டார்கள். ஆனால் மூன்றில் ஒருவர் என்பதற்கும் நூற்றில் ஆறு பேர் என்பதற்கும் இடையே எத்தனை குடும்பங்கள்! காத்திருந்ததால் கிடைத்த வித்தியாசம் அது.

தமிழ் பார்த்த பழைய கதை

கணினித் தமிழுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1980-களிலேயே வந்துவிட்டது. தொண்ணூறுகளில் ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு இருந்தது, பிறகு திஸ்கி வந்தது, அதன்பின் யூனிகோட். விண்டோஸ் 2000-இல்தான் யூனிகோட் தமிழ் இயங்குதளத்துக்குள்ளேயே வந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. எப்போது திஸ்கியை விட்டு யூனிகோடுக்குப் போவது? சீக்கிரம் போனால் பழைய கணினிக்காரர் படிக்க முடியாது. தாமதித்தால் தேடுபொறியில் தமிழே கிடைக்காது. மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை இரண்டு வடிவிலும் தந்தது. இரட்டை வேலைதான், ஆனால் வாசகர் யாரும் ஒரே நாளில் வெளியே நிற்கவில்லை.

மலேசியாவில் ஏன் இது இப்போது சூடான கேள்வி?

முன்பு செயலி போனால் விளையாட்டு போனது, அவ்வளவுதான். இப்போது காசு போகும் வழியே செயலிதான். மோசடிகளைத் தடுக்க, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு வங்கிகள் மாற வேண்டும், ஒரு கணக்கை உறுதிப்படுத்த ஒரே ஒரு கைப்பேசிதான் என்று பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் அறிவித்தது. நல்ல முடிவுதான், குறுஞ்செய்தியைத் திருடி எத்தனையோ பேரின் சேமிப்பைச் சுருட்டியிருக்கிறார்கள். ஆனால் எந்த ஃபோனும் குறுஞ்செய்தி வாங்கும், எந்த ஃபோனும் செயலியை ஓட்டாது. நூலகத்தின் ஓர் எண் பாட்டியின் வங்கிக் கணக்கைத் தொடுவது இப்படித்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2025-இல் பெரியவர்கள் எல்லாருக்கும் கொடுத்த 100 ரிங்கிட் சாரா உதவிக்கும், ஒரு லிட்டர் 1.99 ரிங்கிட் விலையிலான பூடி95 பெட்ரோலுக்கும் மைகாட் போதும். பூடி95-ஐச் செயலி வழியாகவும் பயன்படுத்தலாம், ஆனால் கட்டாயமில்லை. மைகாட்டுக்கு ஆண்ட்ராய்டு பதிப்பு கிடையாது. பழைய ஃபோனைக் கைவிடும் உரிமை, இன்னொரு வாசலைத் திறந்து வைத்திருப்பவருக்குத்தான் முழுசாக உண்டு என்பது என் எண்ணம்.

நீங்களே எழுதினால்?

புக்கிட் பெருவாங்கில் எம்எம்யூவிலோ டுரியான் துங்கலில் யூடெமிலோ படிக்கிறீர்கள், மாசி மகத்துக்கு ரதம் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று காட்டும் ஒரு சின்னச் செயலி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதுத் திட்டம் தொடங்கும்போதே ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ குறைந்தபட்சப் பதிப்பு எது என்று கேட்கும். அது காட்டும் விழுக்காடு உலகக் கணக்கு. செங் சன்னாசிமலை கோயிலுக்கு வரும் கூட்டத்தின் கணக்கு இல்லை. வீட்டில், தாமானில், கோயில் கமிட்டியில் பத்துப் பேரின் ஃபோனை வாங்கிப் பாருங்கள், கைக்கு நிஜமான எண் கிடைக்கும். ரதம் இருக்கும் இடத்தைக் காட்ட ஒரு சாதாரண இணையப் பக்கமே போதும் என்றுகூடத் தோன்றலாம்.

பிறகு ஒருநாள் நீங்களும் குறைந்தபட்சத்தை உயர்த்துவீர்கள். அப்போது முந்திய பதிப்பிலேயே, செயலிக்குள்ளேயே, 'இந்த ஃபோனுக்கு இதுதான் கடைசிப் பதிப்பு' என்று சில மாதங்களுக்கு முன்பே தமிழிலும் மலாயிலும் சொல்லிவிடுங்கள். பழைய கோப்பை பிளே ஸ்டோர் வெளியீட்டிலிருந்து நீக்காமல் வைத்தால், பழைய ஃபோன்களுக்கு அதுவே தொடர்ந்து கிடைக்கும்.

வீட்டில் பழைய ஃபோன் இருந்தால், செட்டிங்ஸுக்குள் 'ஃபோன் பற்றி' என்ற பகுதியில் ஆண்ட்ராய்டு பதிப்பு எண் இருக்கும். வாட்ஸ்அப் 2023 அக்டோபரிலேயே ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே நிறுத்திவிட்டது. ஐஃபோனில் 2025 மே மாதத்திலிருந்து ஐஓஎஸ் 15.1 வேண்டும். எண் 5 அல்லது 6 என்று காட்டினால், படங்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் இந்த வாரமே பேக்கப் எடுத்துவைத்துவிட்டு, வங்கிக் கிளைக்குப் போகும்போது செயலி இல்லாமல் கணக்கைக் கையாள என்ன வழி இருக்கிறது என்று பாட்டியோடு சேர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.