“இன்றேல், ஏன்?”: அமைச்சர்களிடம் கேட்கப்படும் கேள்விகளும் எமக்குக் கிடைக்காத பதில்களும்

இலங்கைப் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், வாய்மூல விடைக்கான வினாக்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே விதமாக முடிவதைக் காணலாம். “இன்றேல், ஏன்?” என்பதே அந்த முடிவு. இன்ன விபரத்தை அமைச்சர் சபைக்கு அறிவிப்பாரா என்று கேட்டுவிட்டு, அறிவிக்க முடியாவிட்டால் அதற்கான காரணத்தையாவது சொல்லுங்கள் என்று கேட்பது பாராளுமன்ற மரபு. யுத்தம் முடிந்த நாளிலிருந்து வடக்கு கிழக்கின் பல குடும்பங்கள் அரசிடம் கேட்டு வருவதும் இதுதான். பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள், காணியை எப்போது தருவீர்கள் என்று சொல்லுங்கள், முடியாவிட்டால் ஏன் என்று சொல்லுங்கள்.

எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் இந்தக் கேள்வி நேரத்தை எந்தளவுக்குப் பயன்படுத்துகிறார்கள்? அதனால் எதையாவது பெற முடியுமா? காரசாரமான உரைகளின் காணொளிகள் சமூக ஊடகங்களில் ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உரை வேறு, கேள்வி வேறு

வரவு செலவுத் திட்ட விவாதத்திலோ ஒத்திவைப்புப் பிரேரணையிலோ ஓர் உறுப்பினர் பத்து நிமிடம் பேசலாம். வரலாற்றையும் வலியையும் சொல்லலாம். அந்த உரைக்குப் பெறுமதி உண்டு. ஆனால் அதில் எழுப்பப்பட்ட ஒவ்வொரு விடயத்துக்கும் தனித்தனியே பதிலளிக்கும் கடப்பாடு எந்த அமைச்சருக்கும் இல்லை. அவர் விரும்பினால் தொட்டுச் செல்லலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம்.

கேள்வி அப்படியல்ல. உறுப்பினர் அதனை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கிறார். அது இலக்கமிடப்பட்டு ஒழுங்குப் பத்திரத்தில் வருகிறது. உரிய அமைச்சு தனது திணைக்களங்களிடம் விபரம் கோருகிறது. அங்கே ஓர் உத்தியோகத்தர் கோப்பைத் திறந்து எண்ணிக்கைகளை எழுதி அனுப்ப வேண்டும். அமைச்சர் சபையில் எழுந்து பதிலளிக்க வேண்டும் அல்லது பதிலைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்க வேண்டும். அதன் பின் மேலதிகக் கேள்வி கேட்க உறுப்பினருக்கு வாய்ப்பு உண்டு. எல்லாம் ஹன்சாட்டில் பதிவாகிறது. அந்தப் பதில் பின்னர் நீதிமன்றத்திலோ சர்வதேச அரங்கிலோ எடுத்துக்காட்டக்கூடிய அரச வாக்குமூலமாகிறது.

இதைவிட, நிலையியற் கட்டளை 27 இன் 2 இன் கீழ் கட்சித் தலைவர்கள் அவசர பொது முக்கியத்துவம் வாய்ந்த விடயங்களை எழுப்பலாம். அமைச்சுசார் ஆலோசனைக் குழுக்களில் அதிகாரிகளை வைத்துக்கொண்டே கேட்கலாம். ஊரில் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. ஆனால் அங்கு நடப்பவை ஹன்சாட்டில் வருவதில்லை. வாய்த்தர்க்கம் மட்டும் காணொளியாக வெளியே வருகிறது.

பதில் எப்படித் தவிர்க்கப்படுகிறது?

பதிலைத் தவிர்ப்பதற்கு எந்த அரசாங்கத்துக்கும் பழகிப்போன சில வழிகள் உண்டு.

முதலாவது, கால அவகாசம். “பதிலளிக்க இரண்டு வாரம் தேவை” என்று கேட்கப்படும். பிறகு இன்னும் ஒரு மாதம். இதற்கிடையில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டால் கேள்வியும் அதனுடன் போய்விடும்.

இரண்டாவது, “இது எனது அமைச்சுக்குரிய விடயம் அல்ல” என்பது. காணி விவகாரத்தில் இது மிக எளிது. ஒரே கிராமத்தில் ஒரு துண்டு இராணுவத்திடமும், இன்னொன்று வனத் திணைக்களத்திடமும், மற்றொன்று தொல்பொருள் திணைக்களத்திடமும் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அமைச்சின் கீழ் வரும். “எமது காணிகளை எப்போது விடுவிப்பீர்கள்?” என்று பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டலாம்.

மூன்றாவது, “நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகின்றது” என்ற வசனம். இதில் திகதி இல்லை, பொறுப்பாளர் இல்லை, அளவு இல்லை. பொதுவான கேள்விக்குக் கிடைக்கும் பொதுவான பதில் இது.

கேட்க ஆளில்லாத காலமும் கேட்டவர்கள் கொல்லப்பட்ட காலமும்

1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்றது. அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் கொண்டுவரப்பட்டு, பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணம் கட்டாயமாக்கப்பட்டது. கூட்டணி உறுப்பினர்கள் அதனைச் செய்ய மறுத்துத் தமது ஆசனங்களை இழந்தனர். 1989 தேர்தல் வரை வடக்கு கிழக்கின் பெரும்பாலான தமிழ்த் தொகுதிகளுக்கு, தாம் தெரிவுசெய்த பிரதிநிதி சபையில் இல்லை. கைதுகளும் சுற்றிவளைப்புகளும் இடப்பெயர்வுகளும் பெருகிய ஆண்டுகள் அவை. அமைச்சரை எழுப்பிக் கேட்பதற்கு அந்த மக்களின் ஆள் அங்கு இருக்கவில்லை.

2004 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 22 ஆசனங்களுடன் சென்றது. ஆனால் ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவு ஆராதனையின்போது மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் கொல்லப்பட்டார். கி. சிவநேசன் 2008 மார்ச்சில் கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். அவசரகாலச் சட்டம் மாதாமாதம் நீடிக்கப்பட்டபோது எஞ்சியவர்கள் எழுந்து பேசினார்கள். பேசியது பதிவானது. ஆனால் வன்னிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எளிய கேள்விக்குக்கூட உண்மையான பதில் கிடைக்கவில்லை. அரசாங்கத் தரப்பு ஓர் இலட்சத்துக்கும் குறைவான எண்ணிக்கையையே சொல்லி வந்தது. இறுதியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் அதைப்போல் பல மடங்கு.

ஒரு கேள்வி எப்படி நிலைத்து நிற்கிறது?

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த கணக்கு இங்கு நினைவுக்கு வருகிறது. 2008 ஒக்டோபரில் கச்சேரிப் பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் ஐ.நா. தரவின்படி 282,380 பேர். மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது?

அவர் பாராளுமன்ற உறுப்பினர் அல்ல. ஆனால் ஒரு கேள்வி எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். அவர் அரசின் சொந்தப் பதிவை எடுத்தார். அதற்கு எதிரே இன்னொரு பதிவை வைத்தார். இடையிலுள்ள வித்தியாசத்தைக் கேட்டார். ஆயர் 2021 இல் காலமானார். கேள்வி காலமாகவில்லை. பதில் சொல்ல வேண்டுமானால் அரசு தனது கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். அதனாலேயே இன்றுவரை அது அரசுக்குச் சங்கடமாக இருக்கிறது.

சரணடைந்தவர்கள் விடயத்திலும் இப்படி ஒன்று நடந்தது. இறுதி யுத்தத்தில் சரணடைந்தோர் பற்றித் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஊடகவியலாளர் ஒருவர் கேட்டபோது, தம்மிடம் எவரும் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தார்கள் என்ற பொருளில் இராணுவம் 2019 இல் பதிலளித்தது. அப்படியானால் அடுத்த கேள்வி அரசாங்கத்துக்கு உரியது. அரசாங்கத்தின் எந்த நிறுவனம் அவர்களைப் பொறுப்பேற்றது? பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கிறது? இதனை அமைச்சரிடம் கேட்டு ஹன்சாட்டில் பதிலைப் பெறக்கூடியவர்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள்தான்.

2025 வர்த்தமானி சொல்வது

2025 மார்ச் 28 ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆவது பிரிவின் கீழ் ஒரு வர்த்தமானி வெளியானது. வடக்கின் நான்கு மாவட்டங்களில் மொத்தம் 5,940 ஏக்கர் வரையான காணிகளுக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வர வேண்டும், இல்லையேல் அவை அரச காணிகளாகப் பிரகடனப்படுத்தப்படும் என்பதே அதன் சாரம். பல முறை இடம்பெயர்ந்து உறுதிகளை இழந்தவர்களுக்கும், வெளிநாடுகளில் இருப்பவர்களுக்கும், உரிமையாளர் காணாமல் ஆக்கப்பட்ட குடும்பங்களுக்கும் மூன்று மாதம் எந்த மூலைக்குப் போதும்?

தமிழ் உறுப்பினர்கள் சபையில் இதனை எழுப்பினார்கள். பிரதமருடனான சந்திப்பிலும் பேசினார்கள். உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. ஜூன் 27 ஆம் திகதி நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அரசாங்கமும் வர்த்தமானியை மீளப் பெறும் முடிவுக்கு வந்தது. சபையில் கேட்பது, நீதிமன்றம் செல்வது, மக்கள் விழிப்பாக இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தபோது பலன் கிடைத்தது. தனியே ஒன்று போதாது.

மாகாண சபை இல்லாத வெற்றிடம்

பெரும்பாலான பாடசாலைகளும் ஆதார வைத்தியசாலைகளும் மாகாண வீதிகளும் மாகாண சபைக்கு உரியவை. ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலும் வடக்கினுடையது 2018 ஒக்டோபரிலும் முடிந்துவிட்டன. அன்று முதல் ஆளுநர்களே நிர்வாகம் நடத்துகிறார்கள். ஒரு கிராமத்துப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை என்று கேட்பதற்கு மாகாணத்தில் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை. கொழும்பில் கேட்டால் “அது மாகாண விடயம்” என்று அமைச்சர் சொல்லிவிட முடிகிறது.

2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. யாழ்ப்பாணத்தின் ஆறில் மூன்று அதற்கே போனது. 225 பேர் கொண்ட சபையில் தமிழ்த் தேசியக் கட்சிகள் வாக்கெடுப்பில் எதையும் வெல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்பதற்குப் பெரும்பான்மை தேவையில்லை. ஒரேயொரு உறுப்பினர் போதும். எண்ணிக்கையில் சிறியவர்களாக உள்ள எமக்கு இது முக்கியமான வாய்ப்பு. ஆளும் தரப்பில் தெரிவான வடக்கு கிழக்கு உறுப்பினர்களுக்கும் தமக்கு வாக்களித்தவர்களின் சார்பில் கேட்கும் பொறுப்பு இருக்கிறது.

எப்படிக் கேட்கலாம்?

காணி பற்றிய ஒரு கேள்வியை இப்படி அமைக்கலாம். முல்லைத்தீவு மாவட்டத்தில் தனியார் உறுதிக் காணிகளில் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் வசம் இன்று உள்ள பரப்பு, கிராம அலுவலர் பிரிவு வாரியாக எவ்வளவு? அவற்றுள் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் முறைப்படி எடுக்கப்பட்டவை எவை, அறிவித்தல் வெளியான திகதி என்ன? இழப்பீடு எத்தனை பேருக்கு வழங்கப்பட்டது? மீதியை விடுவிக்கும் திகதி என்ன? இன்றேல், ஏன்?

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் குறித்தும் இவ்வாறே. மாவட்ட வாரியாகக் கிடைத்த முறைப்பாடுகள் எத்தனை, விசாரணை முடிந்தவை எத்தனை, ஆளுக்கு என்ன நடந்தது என்று குடும்பத்துக்கு எழுத்தில் அறிவிக்கப்பட்டவை எத்தனை? கடைசி எண்ணிக்கைதான் அலுவலகத்தின் உண்மையான வேலையைக் காட்டும்.

இத்தகைய கேள்வியை உறுப்பினர் தனியே தயாரிக்க முடியாது. விபரம் மக்களிடம்தான் இருக்கிறது. உறுதி இலக்கம், அனுமதிப்பத்திரம், பிரதேச செயலகம் அனுப்பிய கடிதம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றின் பிரதிகளை உறுப்பினரின் அலுவலகத்தில் கொடுத்து, “இதனைக் கேள்வியாகக் கொடுங்கள், இலக்கத்தை எமக்குச் சொல்லுங்கள்” என்று கேட்கலாம். அதற்கு முன் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால், தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். கிடைக்கும் பதிலோ மறுப்போ சபையில் கேட்கும் கேள்விக்கு அடித்தளமாகும்.

மொழி இன்னொரு தடை. உறுப்பினர் தமிழில் கேட்க அரசியலமைப்பு உரிமை தருகிறது. ஆனால் அமைச்சரின் பதில் சிங்களத்தில் வந்தால் ஹன்சாட்டில் பேச்சு சிங்களத்திலேயே பதிவாகும். கேள்விக்குக் காரணமான தாய் அதனை வாசிக்க முடியாது. பதிலைத் தமிழில் எழுதி அந்தக் குடும்பத்திடம் கொண்டுபோய்க் கொடுப்பது கட்சிகளுக்குப் பெரிய வேலையல்ல. உரையின் காணொளியை வெளியிடும் அதே பக்கத்தில், இந்த மாதம் நாம் கேட்ட கேள்விகள் இவை, பதில் வந்தவை இவை, அவகாசம் கோரப்பட்டவை இவை என்று ஒரு பட்டியலும் வெளியிடலாம்.

ஒரு பதில் காணியைத் திருப்பித் தராது. பிள்ளையையும் கொண்டுவராது. அமைச்சர் தவறான தகவல் தந்தாலும் அவர் பெரிதாகத் தண்டிக்கப்படப் போவதில்லை. ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் அமர்ந்த பெற்றோரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டவை அவர்களுடன் போய்விடாமல் இருக்க வேண்டுமானால், இலக்கமிட்ட கேள்விகளாக, பெயரும் திகதியும் இடமும் கொண்டவையாக அரசின் சொந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். அடுத்த முறை உறுப்பினர் வீட்டுக்கு வரும்போது, என்ன பேசினீர்கள் என்பதோடு என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்றும் நாம் கேட்க வேண்டும். பதில் வரவில்லை என்றால், மீண்டும் எப்போது கேட்பீர்கள் என்றும் கேட்க வேண்டும்.